இரண்டாவது வரவைக்கும் ஒரு டாங்கி

பெப்ரவரி பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சுபஹ் தொழுதேன். வாசலைக் கூட்டினேன். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். பிளேன்டீ குடித்துவிட்டுக் கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் உள்ள என் வயலுக்குப் போனேன். அன்று பரிசோதனை வரவைகளில், அதாவது வரம்பு கட்டிய வயல் துண்டுகளில், அறுவடை.

பரிசோதனை என் மருமகளுடையது; தங்கையின் மகள். பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். ஒரு கம்பனியின் இலைப் பசளை, இலையில் தெளிக்கும் திரவம், நெல் விளைச்சலைக் கூட்டுகிறதா என்று பார்ப்பது அவளுடைய ஆய்வு. செலவு முழுவதும் அந்தக் கம்பனியுடையது. நடுவில் ஒரு வரம்பு மட்டும் உள்ள இரண்டு வரவைகளை நான் கொடுத்திருந்தேன். முதலாவதற்குப் பசளை தெளிக்க வேண்டும். இரண்டாவதற்குத் தெளிக்கக் கூடாது. பரப்பு, விதை, தண்ணீர், யூரியா எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். என் மற்ற வயல்களுக்கு வேண்டிய பசளையையும் கம்பனி சும்மா தந்தது. வாங்கிக்கொண்டேன்.

வயலில் நின்ற எல்லோரும் கம்பனியின் பச்சை டீசேர்ட் போட்டிருந்தோம். கம்பனி அதிகாரி மட்டும் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார்.

அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்தோம். இரண்டு வரவைகளும் ஒரே நிறை. மருமகள் தராசைச் சரிபார்த்து மறுபடியும் நிறுத்தாள். அதே நிறை.

அதிகாரி குனிந்து பார்த்தார்.

"தராசு பழசோ, மிஸ்?"

"புதுசு சேர். நீங்கதான் வாங்கித் தந்தீங்க."

பிறகு வயலோரக் குடிசையான வாடியில் சாப்பாடு. மாட்டிறைச்சி பிரியாணி, அதுவும் கம்பனியின் செலவு. மருமகள் தனித் தட்டில் சாப்பிட்டாள். அதிகாரியும், நானும், என் வயலைப் பார்த்துக்கொள்ளும் வரிப்பத்தான்சேனைக் காக்காவும் ஒரே சஹனை, மூவருக்கும் பொதுவான பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்தோம். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்குக் காக்கா, அண்ணன் மாதிரி. எலும்பைக் கடித்தபடி சொன்னார்:

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் புள்ள விளையும். ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தானே பசளை அடிச்ச நான்."

மருமகள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ரெண்டாவதுக்கும் அடிச்சீங்களா?"

"ஓம். அடிக்கிற டாங்கியில மிச்சம் கிடந்திச்சி. ஒரு சஹன்ல இருந்துபோட்டு ஒராளுக்கு மட்டும் இறைச்சி வைக்க ஏலுமா? பக்கத்து வரவை பாத்துக்கிட்டு நிக்கிது. பாவம்தானே."

"ஒவ்வொரு முறையும் மிச்சம் வந்திச்சா?"

"மிச்சம் வரத்தான் கலக்கின நான்."

அதிகாரியின் முகம் தெளிந்தது.

"அப்ப பிரச்சினை முடிஞ்சிது மிஸ். ரெண்டுக்கும் எங்கட பசளை, ரெண்டும் நல்ல விளைச்சல். அந்தா, பக்கத்து வயல்காரன் எங்கட பசளை அடிக்கல்லதானே? அதை வெட்டி நிறுத்து, அடிக்காத வரவை எண்டு போடுங்க."

"அது வாய்க்கால்ட கடைசி வயல் சேர். இந்தப் போகம் தண்ணியே ஒழுங்காப் போகல்ல."

"அறிக்கையில வாய்க்கால் கதை என்னத்துக்கு?"

"ஏலாது சேர். ரெண்டுக்கும் அடிச்சாச்சி, பரிசோதனை பிழைச்சிட்டு எண்டுதான் எழுதுவன். அடுத்த சிறுபோகத்துல திரும்பச் செய்யிறன்."

"திரும்பச் செய்யக் கம்பனி காசு தராது. உங்கட பட்டம்தான் பின்னுக்குப் போகும்."

அவள் தலை குனிந்தாள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"போடியார், புள்ளைக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. அடுத்த போகமும் உங்கட வயல் முழுக்க எங்கட பசளைதான்."

சொல்லிக்கொண்டே சஹனில் தன் பக்கம் கிடந்த இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினார். நல்ல துண்டு. எலும்பில்லை. நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டைக் காக்கா பக்கம் தள்ளினேன்.

"சிறுபோகத்துக்கும் வரவை ரெண்டும் புள்ளைக்குத்தான் சேர். பசளையை நாங்க கடையில வாங்கிக்கிறம்."

காக்கா துண்டைச் சாப்பிட்டார். "நல்ல இறைச்சி," என்றார்.

அதிகாரி கை கழுவினார். தராசை வேனில் ஏற்றினார். எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் டீசேர்ட்டைத் துவைத்துக் காயப்போட்டேன். துணி நல்ல துணி.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கல்முனை பஸாருக்குப் போனேன். கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். ஒரு தராசும், அதே இலைப் பசளையில் ஒரு போத்தலும், காக்காவால் மிச்சம் வைக்க முடியாத அளவுக்குச் சின்னதாக ஒரு டாங்கியும் வாங்கினேன்.