யூதாசு நாற்காலி

வில்லியனூருக்கு மேற்கே இருந்த அந்தச் சிற்றூர்க் கிறிஸ்தவர்களின் பக்தியைப் பற்றிப் பேசினால் வாய் கூசும். பெரிய வியாழன் சாயங்காலம் பிரெஞ்சுச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்து, சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோலக் கால் கழுவுவார். அதற்கு இவர்கள் மத்தியானமே சீயக்காய் போட்டுக் காலைத் தேய்த்து, நகத்தையும் வெட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்புறம் சாமியார் கழுவுவதற்கு என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி? முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையதாம், அதற்கு அடிதடி. கடைசி நாற்காலி யூதாசுடையதாம். காட்டிக்கொடுத்தவன் இடத்தில் உட்கார்ந்தால் அந்த வருஷம் குடும்பம் விளங்காதாம். எந்த வேதத்திலும் இல்லாத கதை, இவர்களாகவே கட்டிவிட்டது.

அந்த வருஷம் கடைசி நாற்காலிக்கு ஆள் அகப்படவில்லை. கோவில் உபதேசியார் ஆரோக்கியம், மரியதாஸைத் தேடிப் போனார்.

மரியதாஸ் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். வாந்திபேதியில் மனைவி அமிர்தமும் மகளும் அடுத்தடுத்துப் போனபோது ஒரு நாதி எட்டிப்பார்க்கவில்லை. இதே உபதேசியார் தெருமுனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெபம் சொல்லிவிட்டு ஓடினார். இரண்டு பேரையும் குளிப்பாட்டி, தூக்கிப்போய், குழி வெட்டி மூடியவன் அவன் ஒருத்தன்தான். அன்றோடு சர்வேசுரனும் வேண்டாம், அவருடைய ஆட்களும் வேண்டாம் என்று விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமையும் ஏர் கட்டினான். மணி அடித்தால் வேண்டுமென்றே மாட்டை உரக்க அதட்டினான்.

அன்றும் ஊர்த் தலைவரான மேர் வீட்டு வயலில் சேறடித்துக்கொண்டிருந்தான்.

"மரியதாசு, கால் கழுவ ஓராளு கொறையுதுபா. சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போ," என்றார் உபதேசியார்.

"எந்த நாற்காலி?"

உபதேசியார் வரப்பைப் பார்த்தார்.

"யூதாசா? அதுக்குத்தான் எம் மூஞ்சி ஞாபகம் வந்துச்சா? வர்றேன் போங்க. வெளங்காம போறதுக்கு எங்கிட்ட இன்னும் இன்னா கீது?"

முழங்கால் வரை சேற்றோடு அப்படியே போனான். வெள்ளைக்காரக் கிழவர் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

பதினோரு ஜோடிக் கால்கள் முடிந்தும் தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கவில்லை. மரியதாஸின் காலைப் பார்த்ததும் இராயப்பர் நாற்காலிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சாமியார் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு இன்னொரு குடம் தண்ணீர் கேட்டார். விரலிடுக்கில் கைவிட்டுத் தேய்த்தார். பித்தவெடிப்பில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் எடுத்தார். பிறகு குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார்.

மரியதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பேதி வந்த வீடு என்று ஒதுங்கிய ஊர், அதற்குப் பிறகு அவனைத் தொட்டதே கிடையாது. மகளின் காலை அவனும் இப்படித்தான் விரல்விரலாகக் கழுவி அனுப்பினான். சாமியாரின் தலைக்கு மேலே பார்த்து, "இம்மாம் நாளு எங்கய்யா போயிருந்தே? இப்பத்தான் வூடு தெரிஞ்சுதா ஒனக்கு?" என்று சர்வேசுரனையே கேட்டான். கேட்டுவிட்டு, வெட்கத்தை விட்டு அழுதான். சண்டை போடவாவது ஆள் திரும்பக் கிடைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். உயிர்ப்புத் திருநாள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்தான். உபதேசியார் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"யூதாசு எடத்துல ஒக்காந்தவன் நீ, முன்னால வர்றியே! சனங்க ஒரு மாதிரி பேசுதுங்கபா."

"சேசுநாதரு அந்த யூதாசு காலையும் கழுவுனாரா, இல்லியா?"

"கழுவுனாரு..." என்று இழுத்தார் உபதேசியார்.

"அப்ப வழிய வுடுங்க."

உபதேசியார் ஒதுங்கினார். மரியதாஸ் போய் முழங்காலிட்டு வாயைத் திறந்தான்.