என் ஆட்டத்துக்கு ஒரு ரசிகை

அடுத்தவர் காதைச் சோதித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபது வருடமாக இதில்தான் குப்பை கொட்டுகிறேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். கண்ணாடிக்கு வெளியே இருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் என் முகத்தைப் பார்க்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே விரலை ஆட்டி ஆட்டி இதைச் சொல்லிக் கொடுப்பவளும் நான்தான்.

போன மாதம் வாயாடி வந்தபோது அந்த நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டவளும் நானேதான்.

வாயாடி என் பள்ளித் தோழி. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. போனில் சொல்லும் பெயரையும் நேரத்தையும் தப்புத் தப்பாக எழுதுகிறாள் என்று மேலாளர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலைக்கு உலை. வீட்டில் கணவரும் மகளும், எதைச் சொன்னாலும் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று கரித்துக் கொட்டுகிறார்களாம்.

"போனது காதா, புத்தியாடி? நீ சொன்னா நம்புறேன்," என்றாள்.

நானும் சோதித்தேன். சோதித்தேன் என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. பாதி நேரம் கண்ணாடி வழியே கைஜாடையிலும் வாயசைவிலும் அரட்டைதான் அடித்தோம். பத்தாம் வகுப்பில் எங்கள் இருவரையும் பைத்தியமாக அடித்த ஐந்து பையன்களின் பாட்டுக் குழு, இருபத்தேழு வருடம் கழித்து எங்கள் ஊருக்கு வரப் போகிறது. டிக்கெட் அன்று காலைதான் கிடைத்திருந்தது. ஒரு சத்தம், ஒரு சிரிப்பு, ஒரு சத்தம், ஒரு ஜாடை. அவளும் ஒன்று விடாமல் பட்டனை அழுத்தினாள். 'செவித்திறனில் குறையில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு, கேட்காத அறிவுரையும் கொடுத்தேன்.

"காது கிண்ணுன்னு இருக்கு. உனக்குக் கவனம்தான் பத்தல. கொஞ்சம் நிதானமா இருந்து பழகு."

வாயாடி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

கச்சேரி நாளன்று, கல்யாணத்துக்கு முந்தைய ஜீன்ஸுக்குள் புகுந்தேன். இடுப்புப் பட்டன் எட்டாததால் ஊக்கு குத்தி, மேலே நீளச் சட்டையால் மூடினேன். அரங்கம் நிறைய என் வயசுக்காரிகள். பாதிப் பேர் மூக்குக் கண்ணாடியோடு இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஐந்து பேரில் ஒருவரைக் காணோம். நெட்டைக்குத் தொப்பை, சுருட்டைக்கு முடியே இல்லை. அந்தக் காலத்தில் அந்தரத்தில் சுழல்வார்கள்; இப்போது ஒரு குதி குதித்துவிட்டு மூன்று நிமிடம் தண்ணீர் குடித்தார்கள். அவர்களைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்றாவது பாட்டிலேயே என் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

ஆனாலும் ஆடினேன். காரணம் வாயாடி. எப்போது திரும்பினாலும் அவள் மேடையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை தூக்கினால் தூக்கினாள், வாய் திறந்தால் திறந்தாள். அடடா, நமக்கு இன்னும் இடுப்பு வளைகிறது போலிருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். பின்வரிசைப் பெண் உட்காரச் சொன்னாள். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் எல்லா விளக்கும் அணைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, விசில் பாட்டு. நெட்டை தனியாக, மெதுவாக விசிலடித்துத் தொடங்கும் பாட்டு. அந்த விசிலை வாயாடி இரண்டே நாளில் கற்று வகுப்பில் அடித்துக் காட்டி, ஒரு வாரம் வெளியே நின்றவள். எனக்குக் கடைசிவரை எச்சில்தான் தெறித்தது. கும்மிருட்டில் அந்த விசில் வந்தபோது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்த அமைதியில் வாயாடி கத்தினாள்.

"ஏன்டி, அந்த விசில் பாட்டை எப்போடி போடுவாங்க?"

சுற்றிலும் 'உஷ்' என்றார்கள். அவள் கை இருட்டில் என் முகத்தைத் தடவித் தேடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் அனுப்பும்போதெல்லாம் என் புருவம் தானாக ஏறும். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் சத்தத்தைக் கேட்டு அழுத்தவில்லை, என் மூஞ்சியைப் பார்த்து அழுத்தியிருக்கிறாள். இங்கேயும் அதே கதைதான், என்னைப் பார்த்துத்தான் கையைத் தூக்கியிருக்கிறாள். இடுப்பாம், வளைகிறதாம்!

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். படிக்கட்டு விளக்கின் கீழ் நிறுத்தி, முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"உன் காதுலதான்டி கோளாறு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு நான்தான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். என் புருவத்தைப் பார்த்து அழுத்தியிருக்க."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்போ எனக்குப் புத்தி கெடலையா?"

"இல்லடி."

"நெசமா?"

படியில் உட்கார்ந்து அழுதாள். "தினமும் காலையில எந்திரிச்சதும் மக பேரை எழுதிப் பார்த்துக்குவேன்டி. என்னைக்காவது மறந்துடுவேனோன்னு."

நானும் அழுதேன். ஒரு மாதம் அவளை அப்படி எழுத வைத்தது என் கையெழுத்து. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. உள்ளே ஜனம் கூரை பறக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். பாதிச் சத்தத்துக்குப் பட்டன் அசையவே இல்லை. இரண்டு காதிலும் குறை இருக்கிறது, கருவி வேண்டும் என்று பளிச்சென்று எழுதி, மேலாளருக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்தேன். வாயாடி நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"ஏன்டி, இவ்வளவு நல்ல சேதியை ஒரு மாசம் கழிச்சா சொல்லுவ?" என்றாள்.