இடது முன்னங்கால்

என் அக்காவுக்குக் குதிரைக் கால்தான் பிழைப்பு. லாடம் அடிக்காமல் வெறுங்காலோடு விட்டிருக்கும் குதிரைகளின் குளம்பைக் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்து மட்டமாக்கி விடுவாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பேச்சுக் கொடுப்பேன். "ஊரே மேலதிகாரி காலைப் பிடிக்குது. நாம குதிரை காலைப் பிடிக்கிறோம். குதிரை எவ்வளவோ மேல்டி" என்பாள். அப்படிச் சிரித்துப் பேசியதெல்லாம் இடுப்பு ஒழுங்காக இருந்த காலத்தில்.

போன வருஷம் ஒரு முரட்டுக் குதிரை அவளைச் சுவரோடு வைத்து நெருக்கிவிட்டது. அதிலிருந்து குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. வேலை முடிந்ததும் வேனின் பின் சீட்டில் சுருண்டு படுத்துக்கொள்வாள். வீடு வந்தாலும் எழுப்ப மனசு வராமல் நான் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் குளம்பு சீவுகிறவர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லி, சான்றிதழ் கொடுக்கும் சங்கத்திலிருந்து ஆள் விட்டார்கள். போய் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் சான்றிதழைப் புதுப்பிப்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் நாங்கள் வேலைக்குப் போகும் குதிரை லாயத்தின் சொந்தக்காரர் எங்களை வாசலோடு அனுப்பிவிடுவார். "அரம் பிடிச்சே கை காய்ச்சுப் போச்சு, இன்னும் என்ன பாடம் வேண்டிக் கிடக்கு?" என்று நான்தான் கத்தினேன். அவளுக்குக் கத்தவும் தெம்பில்லை.

போதாததற்கு மகாராணி வேறு. லாயத்திலேயே அக்காவுக்குச் செல்லமான பெண் குதிரை அது. சில மாதங்களாக முன்னால் லேசாக நொண்டியது. முற்றத்துக் கல்தரைதான் காரணம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த மாசத்துக்குள்ள நடை சரியாகலைன்னா வித்துத் தள்ளிடுவேன்" என்று லாயக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு வாடகை ஹாலில் வகுப்பு. பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன டீ. செத்த குதிரைகளின் கால்களை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். பயிற்சிக்காம். ஐஸ் கரைந்து தரையெல்லாம் நனைந்து நாறியது. எங்களைப் போலவே மற்றவர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் முதுகுக்குத் தலையணை கொண்டு வந்திருந்தார்கள்.

அவரவர் வேலை செய்யும் குதிரைகளின் குளம்பைப் பின்பக்கமிருந்து போட்டோ எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் முறை வந்தபோது, வகுப்பெடுத்தவர் அவள் எடுத்த இடது முன்னங்கால்களை மட்டும் திரையில் வரிசையாகப் போட்டார். வெவ்வேறு நிறம், வெவ்வேறு பருமன். ஆனால் ஒவ்வொன்றிலும் உள்பக்கம் தேய்ந்து தாழ்ந்திருந்தது.

"இத்தனை குதிரைக்கும் ஒரே மாதிரி கோணலா?" என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "குதிரைங்க எதுவும் கோணல் இல்ல. நான்தான்" என்றாள்.

வலது கைக்காரர்களுக்கு வருகிற தப்புதானாம் அது. குனிந்து, உடம்பைத் திருப்பி நின்றால் வராது. இடுப்புக்குப் பயந்து அக்கா திரும்பாமல் நின்றபடியே அரத்தை ஓட்டியிருக்கிறாள். கை ஒரு பக்கமாகவே அழுத்தியிருக்கிறது. கூடவே நின்ற எனக்கும் தெரியவில்லை. நான் குதிரையின் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்து, கையும் தட்டினார்கள். அக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை லாயத்துக்குப் போனால் மகாராணியின் இடம் காலி.

"நேத்து ஒரு பண்ணைக்காரர் வண்டிக்குன்னு வாங்கி ஓட்டிட்டுப் போயிட்டார். நாளைக்கு லாடம் அடிக்கப் போறாராம், நொண்டல் சரியாயிடும்னார்" என்றார் லாயக்காரர்.

"ஐயையோ, லாடம் அடிக்கக் கூடாதுங்க. இப்ப ஆணி அடிச்சா கோணல் அப்படியே நின்னுடும். குளம்பு தானா வளர்ந்து சமமாகணும்."

"கோணலா? யார் சொன்னது?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. "கோணலாக்கினதே நான்தாங்க. இங்க இருக்கற எல்லாத்துக்கும் இடது முன்னங்கால் அப்படித்தான் இருக்கு."

லாயக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பண்ணைக்கு வழி மட்டும் சொன்னார். பிறகு, இனிமேல் வர வேண்டாம் என்றார்.

வேனில் ஏறியதும் நான் வெடித்தேன். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையாக்கா உனக்கு? அவருக்கு என்ன தெரியப் போகுது?"

"குதிரைக்குத் தெரியும். அதால சொல்ல முடியாது, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் அந்தச் சுவரோடு நசுங்கிய நாளை நினைத்தபோது அழுகையும் வந்தது.

பண்ணையில் தகரக் கொட்டகைக்குக் கீழே மகாராணி தனியாக நின்றிருந்தது. நல்லவேளை, இன்னும் ஆணி ஏறவில்லை. பண்ணைக்காரரிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தன் கைத்தப்பு என்பதையும் விடவில்லை. அவர் மோவாயைத் தடவிக்கொண்டே, "சரி, வளரட்டும். அதுவரைக்கும் வண்டியில பூட்டலை" என்றார்.

அக்கா மகாராணியின் தோளைத் தொட்டாள். வேறெதுவும் செய்யவில்லை. அது வழக்கம்போலத் தானாகவே இடது முன்னங்காலைத் தூக்கி, அவள் கையில் வைத்தது.

அக்கா முழுசாகக் குனிந்தாள். வலியில் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது. உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, காலை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அரம் கொண்டாந்திருக்கீங்களே, ஒண்ணும் பண்ணலையா?" என்றார் பண்ணைக்காரர்.

"பண்ணினது போதுங்க" என்றாள்.

மகாராணிக்கு அது புரியவில்லை. வேலை பாக்கி இருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, மறுபடியும் அதே காலைத் தூக்கி நீட்டியது. அக்கா அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "வேண்டாண்டி, கீழ வை" என்று அழுதாள்.