ராயப்பன்பட்டியில் அண்ணனின் ஆர்மோனியம்

செவ்வாய்க்கிழமை. ஹட்டனிலிருந்து கொழும்பு விமான நிலையத்துக்கு வேனில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க எனக்கு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் அண்ணன் சகாயம் ஆர்மோனியம் வாசிப்பார், நான் பாடுவேன். அவருக்குப் பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. இந்தியாவுக்குத் திரும்பும் பத்திரம் முதலில் சித்தப்பாவுக்கு வந்தது. அவரோடு அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். பின்னாலேயே நாங்களும் போவதாக ஏற்பாடு. சண்டை மூண்டு கப்பல் நின்றது. அப்பா, அம்மா, நான் மூவரும் அங்கேயே தங்கிவிட்டோம்.

பிறகு கேசட்டிலும், கைபேசி வந்தபின் அதிலும் அவர் வாசித்து அனுப்புவார். அதன்மேல் நான் பாடி அனுப்புவேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது, தான் பாஸ்போர்ட் எடுத்து வர ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார் அண்ணன். நான் பொறுக்கவில்லை, மறுநாளே அடக்கம் செய்தேன். அடுத்த மாதத்திலிருந்து பாட்டு வரவில்லை. பேசினால் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவார். கோபம் என்றே எண்ணியிருந்தேன்.

பகல் பன்னிரண்டரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் கிடைத்தது. நான் இறங்க வேண்டிய உத்தமபாளையம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று மாறியது. தேனிக்கு அப்பால் இருபுறமும் மலை, நடுவே நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலும்.

அங்கிருந்து நாலரை மணிக்கு ராயப்பன்பட்டி டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். நான் வெளிநாட்டுக்காரி என்று கண்டக்டரிடம் சொன்னேன். "ஏறிட்டீகள்ல, உக்காருங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பக்கத்தில் இருந்த அம்மாள் யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

"சிலோன்காரக வீடா? சர்ச்சுல பெட்டி வாசிப்பாகளே, அவுகளா?"

எங்கள் ஊரில் என் பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்' என்றிருக்கும். இங்கே அண்ணன் இன்னும் சிலோன்காரர். அதை நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

"பாவம், ரெண்டு வருசமா வாசிக்கிறதில்ல. இடது கையும் காலும் விழுந்துருச்சுல்ல."

என் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார். மீதி வழியில் நான் சன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையை மட்டும் நீட்டினார். அப்பாவின் நெற்றி அவருக்கு. அந்தக் கையைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தேன்.

"ஏண்ணே சொல்லல?" என்று பிறகுதான் கேட்டேன்.

"அம்மா போன துக்கத்துல நீ கெடந்த. இதையும் எதுக்கு சொல்லணும்?"

அண்ணி லூர்து விடியலில் ஜீப்பில் மலையேறி, கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்புவார். அவர் என்னோடு கைபேசியில் பேசும்போது அண்ணன் கையைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடுவாராம். ஆர்மோனியத்தின் மேல் சேலையைப் போர்த்திவைத்ததும் அண்ணன்தான்.

புதன்கிழமை காலை நான் அந்தச் சேலையை எடுத்தேன். கட்டைகளுக்கு வலது கை போதும். காற்றடிக்கத்தான் இடது கை வேண்டும். எதிரே தரையில் உட்கார்ந்து துருத்தியைத் திறந்தேன். வேண்டாம் என்றார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டையைத் தொட்டார்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி அடிக்காத. பாடுறப்ப மூச்சு விடுவேல்ல, அப்பிடி விடு."

மூன்று நாள் பழகினோம். மாலையில் அண்ணியும் கைகழுவி வந்து என் இடத்தில் உட்கார்ந்து காற்றடித்துப் பார்த்தார். ஏலக்காய் வாசனை அவர் கைகளைவிட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசையை அம்மாவுக்காக ஒப்புக்கொடுத்திருந்தோம். அண்ணன் வாசிக்க, நான் காற்றடித்துக்கொண்டே பாடினேன். ஹட்டனில் அம்மாவின் குழிமேட்டில் பாடிய அதே பாட்டு. அங்கே இசை இல்லாமல் பாடியிருந்தேன். கடைசி அடியில் அண்ணன் விரல் எடுக்கவில்லை. காற்று இருக்கும்வரை ஒலிக்கட்டும் என்று விட்டிருந்தார். நானும் நிறுத்தாமல் அடித்தேன். சாமியார் காத்திருந்தார்.

வெளியே வந்ததும், "நான் பொறுத்திருக்கணும்ணே" என்றேன்.

"இப்ப வந்துட்டேல்ல" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். எங்கள் ஊரிலும் இப்படித்தான் மலைகள் சூழ்ந்து நிற்கும். ஆனால் அங்கே சரிவில் இருந்துகொண்டு பள்ளத்தைப் பார்ப்போம். இங்கே பள்ளத்தில் இருந்துகொண்டு மலையைப் பார்க்கிறார்கள். அண்ணன் நாற்பது வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது தெரியும்.

மதுரை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, எங்கே தங்கினீர்கள் என்று கேட்டார். அண்ணன் வீட்டில் என்றேன்.

"ஏதும் விசேஷமா?"

"எங்கம்மாவை அடக்கம் பண்ணினோம்" என்றேன்.

எங்கே, எப்போது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. முத்திரையைச் சத்தமில்லாமல் வைத்து, பாஸ்போர்ட்டை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.