வடக்குச் சுவர்க்காரி

காலையில் கோயில் கதவைத் திறந்ததும் ரோசால்பா நேராக வடக்குச் சுவருக்குத்தான் போவாள். பலகையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்ப்பாள். பிறகு பீடத்துச் சிலையைப் பார்த்து, "காஞ்சுதான் இருக்கு. உமக்கு ஒண்ணும் ஆகாது" என்று புனித மிக்கேலுக்குச் சேதி சொல்வாள். அதுவரை அந்த வானதூதர் காத்திருக்க வேண்டியதுதான்.

சிலோயேத் தீவில் மழை வடக்கிலிருந்துதான் வரும், காற்றையும் கூட்டிக்கொண்டு. முதல் அடி வாங்குவது அந்தச் சுவர். அறுபதை நெருங்கும் ரோசால்பாவுக்கு ஊர் வைத்த பெயர் 'வடக்குச் சுவர்க்காரி'. உருளைக்கிழங்கும் நாலு ஆடும் அவள் பிழைப்பு. கோயில் சாவி அவள் இடுப்பில். பாதிரியார் படகேறி வருவது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும் ஒட்டடை அடிப்பதும் இவள்தான். வௌவால் புகுந்தால், "ஜெபம் சொல்லத் தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை? கெளம்பு" என்று விளக்குமாற்றைத் தூக்குவாள்.

இது இரண்டாவது கோயில். "மூத்தவ நெருப்புல போயிட்டா. இவ இளையவ" என்பாள், ஏதோ கூடப் பிறந்தவளைச் சொல்வதுபோல. கட்டியவர்களுக்குப் படகு கட்ட மட்டுமே தெரியும். ஆகவே ஒரு பெரிய படகைக் கவிழ்த்துத் தூண்களின் மேல் வைத்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் வளைந்த விலாக்கட்டைகள். தூணையும் உத்திரத்தையும் பிடித்து நிற்பது மர முளைகள். ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. வெளியே மீன் செதிலாக அடுக்கிய மரச்சில்லுகள். உள்கூரையின் நீலம், யாரோ படகுக்குப் பூசி மிஞ்சிய சாயம்.

அவள் அப்பா தெயோஃபிலோவும் படகுத் தச்சர். அவள் சிறுமியாக இருந்தபோது வடக்குச் சுவர் ஒழுகியது. ஊரே கூடிக் கூலியில்லாமல் உழைக்கும் மிங்கா நடந்தது. பலகை இடுக்குகளில் மரப்பட்டை நாரைத் திணித்துத் தாரடித்தார் அப்பா. நாரைத் திரித்துக் கொடுத்தவள் ரோசால்பா. கையெல்லாம் தார், கொப்பரையில் ஆட்டிறைச்சி, மாலையானால் அக்கார்டியன், அப்பாவின் உரத்த சிரிப்பு. அப்படியொரு வாரம் அவளுக்குப் பிறகு வாய்க்கவேயில்லை. "அதுக்கப்புறம் ஒரு சொட்டு உள்ள வந்திருக்கா? சொல்லு பாப்போம்!" என்று போவோர் வருவோரை வம்புக்கு இழுப்பாள்.

போன குளிர்காலத்தில் அந்தச் சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்தது. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னான் எலிசேயோ, இப்போதைய படகுத் தச்சன். ரோசால்பா சாமியாடிவிட்டாள்.

"எங்கப்பா கட்டின சுவர்ல கைய வச்சே, கை இருக்காது!"

"அக்கா, படகுக்குச் செய்யறத உங்கப்பா சுவருக்குச் செஞ்சுட்டார். தண்ணி உள்ளறைக்கு வராது, சரி. பலகைக்குப் பின்னாடி எறங்கினது, இடுக்கெல்லாம் அடைச்சிருக்கறப்ப எப்படி வெளிய போகும்? படகுன்னா கரையேத்திக் காயப் போடலாம். கோயிலை எங்க கொண்டுபோய்க் காயப் போட?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி அடிச்ச தார்டா அது!"

"அதனாலதான் பயமா இருக்குக்கா. சுவர் சாஞ்சா கூரையும் கூடவே வந்துடும்."

சாவியைத் தர மாட்டேன் என்று எழுந்து போனவள் யாரோடும் பேசவில்லை. கடைக்குப் போனாலும் வேண்டியதைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டாள். மிக்கேல் திருவிழா நெருங்கியது. சுவர் இன்னும் புடைத்தது. ஒருநாள் அவளே எலிசேயோவின் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"ஒரே ஒரு பலகை. உள்ள காஞ்சிருந்தா, ஊர் மொத்தமும் எங்கப்பா கல்லறையில வந்து மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறோம்க்கா. மொத ஆளா நான் கேக்கறேன்."

ஊரே வந்துவிட்டது. எலிசேயோ கடப்பாரையால் மெல்ல நெம்பினான். நாரும் தாரும் தெயோஃபிலோ வைத்தபடியே இறுகியிருந்தன. பலகை லேசில் வரவில்லை. வந்தபோது ஊறல் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே மூலைத்தூண் கறுத்து, மக்கி, நீர் கசிய நின்றது. ஜெயித்த எலிசேயோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோசால்பா கிட்டே போனாள். "இத்தனை வருஷமும் நனைஞ்சுக்கிட்டேவாடி நின்னே?" என்றாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மழையில் நனைந்து வந்த பிள்ளைக்குத் தலை துவட்டுவதுபோல, அந்தத் தூணை மேலிருந்து கீழ்வரை துடைக்கத் தொடங்கினாள்.