பாவு காயும்வரை

ஒன்பது மணிக்கு ஆட்டம். முசரவாக்கம் அணி கோட்டுக்கு அந்தப் பக்கம் தொடை தட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் பிள்ளையார்பாளையம் அணியில் ஒருவர்கூட இல்லை. சடுகுடு இறுதி ஆட்டம் அது. கோப்பை மேசைமேல் இருக்கிறது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணி பார்ப்பேன். வரலைன்னா முசரவாக்கத்துக்கு வாக்-ஓவர்."

எழுபதுகளின் தொடக்கம். சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நான் காஞ்சிபுரத்தின் பகுதிநேர நிருபர். விளையாட்டு, கோயில் விழா, பட்டிமன்றம் எல்லாம் என் தலையில்தான். சைக்கிளை எடுத்தேன். முசரவாக்கம் கேப்டன் கன்னியப்பன் பின்னால் ஏறிக்கொண்டான்.

"எங்க ஒளிஞ்சிக்கினு இருக்கானுங்கன்னு நானே பாக்கறேன்."

ஒளியவில்லை. ஏழு பேரும் தெருவில்தான் நின்றார்கள். அவர்கள் கேப்டன் ஏகாம்பரம் வீட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகள், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டுக் கஞ்சி ஈரத்தோடு இருந்தது. விடியற்காலையில் போட்டால் எட்டு மணிக்குள் காய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. வானம் மூடிக்கொண்டது. காயாத பாவில் மழை விழுந்தால் மூன்று புடவைப் பட்டும் பாழ். தூறினால் மூடிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஏழு பேரும் நகரவில்லை.

"இன்னாபா, பயமா?" என்றான் கன்னியப்பன்.

"பயமா? பாவு காயட்டும், உன்னை மண்ணுல பொரட்டறேன்" என்றான் ஏகாம்பரம்.

"கப்பு போவுதுடா!"

"போவட்டும். பாவு போச்சுன்னா எங்க அம்மா என்னை ஊட்டுக்குள்ள வுடாது."

கன்னியப்பன் வானத்தைப் பார்த்தான். "சும்மா வர கப்பு எனக்கு இன்னாத்துக்கு? ஊர்ல எவன் மதிப்பான்?" என்று என் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு பறந்தான்.

திரும்பியபோது அவன் ஊரே பின்னால் ஓடி வந்தது. ஆட்டம் பார்க்க மாட்டுவண்டியில் வந்தவர்கள், வண்டிப் பாய்களை உருவிக்கொண்டு வந்திருந்தார்கள். பாவின் இருபுறமும் நின்று பாய்களைத் தலைக்குமேல் பிடித்தார்கள்.

"கை படக் கூடாது நைனா! நல்லாத் தூக்கிப் புடி!" என்று ஏகாம்பரத்தின் அம்மா அதட்டிக்கொண்டே நடந்தார்.

ஏழு பேரும் மைதானத்துக்கு ஓடினார்கள். தூறலில், சேற்றில், கைதட்ட ஆளே இல்லாமல் ஆட்டம் நடந்தது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிள்ளையார்பாளையம் ஜெயித்தது. கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு இரண்டு அணியும் தெருவுக்கு ஓடி வந்தன.

"பாவு நனைஞ்சுதாம்மா?" முதலில் கேட்டவன் தோற்ற கன்னியப்பன்.

"ஒரு இழை நனையல. அங்கயே நில்லுங்கடா! சேத்தோட கிட்ட வந்தீங்க, தெரியும் சேதி!"

தபாலாபீசிலிருந்து டிரங்க்-கால் போட்டேன். ஸ்கோரைக் குறித்துக்கொண்ட விளையாட்டு ஆசிரியர், "கூட்டம் எப்படிய்யா?" என்றார்.

"நல்ல கூட்டம் சார். மைதானத்துல இல்ல. தெருவுல, பாய் புடிச்சிக்கினு நின்னுது."

முழுவதையும் கேட்டார். "அதை முதல்ல எழுது. ஸ்கோர் கடைசி வரியில வரட்டும்."

இன்று செய்தி எழுத வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மைதானத்தில் யாராவது வரவில்லை என்றால், வாக்-ஓவர் என்று எழுதுவதற்கு முன் அவர்கள் தெருவுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.