மீரா நானாவின் முயல்கள்

குறிஞ்சாக்கேணியிலிருந்து மருந்து வாங்க வந்த தோணிக்காரர்தான் செய்தியைச் சொன்னார். "மீரா நானா மௌத்தாப் போயிட்டார், மிஸ்ஸி. காய்ச்சல் விடவே இல்ல. முந்தநாள் அசர்த் தொழுகைக்குப் பிறகு அடக்கிட்டம்." நான் குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

நானா மருந்து கலப்பவராக இருந்த ஆஸ்பத்திரி அறையில் ஏழு ஆண்டுகள் கூட வேலை செய்த தாதி நான்; அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்றே கூப்பிட்டேன். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய முயல்களையும் தெரிந்திருக்கும். துறைமுகத்தை அடுத்திருந்த தம் வீட்டு வளவில், தேயிலைப் பெட்டிகளுக்குக் கம்பிவலை அடித்துக் கூடுகள் செய்திருந்தார். எறும்பு ஏறாதபடி கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணிகளுக்குள் நிறுத்தியிருந்தார். குட்டிகளை வளர்க்கக் கேட்பவர்களுக்குக் கொடுப்பார். கறிக்குக் கேட்டால் சிரித்துக்கொண்டு கதையை மாற்றிவிடுவார்.

ஒரு மழைநாளில் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு போனேன். மரியாதையாக வாங்கி விறாந்தையில் பரப்பினார். "ஈரப் புல்லுத் திண்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும், தங்கச்சி. காயட்டும். நீங்கள் தந்தது எண்டு சொல்லியே குடுக்கிறன்." அன்று சாம்பல் நிறப் பெண் முயலொன்று தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் இருவரும் வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினோம்.

பிறகு யுத்தத்தில், நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் யப்பான் விமானங்கள் வந்தன. குண்டு விழுந்த மறுநாளே பட்டினம் வெறுமையாகிவிட்டது. சனம் மாட்டு வண்டிகளில் தம்பலகாமம் பக்கம் போய்விட்டது. கடை ஒன்றும் திறக்கவில்லை. காயப்பட்ட துறைமுகத் தொழிலாளர் சிலரை ஒரு பள்ளிக்கூடத்தில் கிடத்தி, எங்கள் இருவரையும் அங்கே விட்டிருந்தார்கள். இரத்தம் போனவர்களுக்கு இறைச்சிச் சாறு கொடுக்கச் சொன்னார் டாக்டர். எங்களிடம் இருந்தது அரிசிக் கஞ்சி மட்டும்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், கேட்கக் கூடாததைக் கேட்டேன். "நானா, உங்கட முயல்கள்..."

அவர் சீலைத்துணி சுருட்டுவதை நிறுத்தவில்லை. "எத்தினை பேருக்கு?"

"பதினாலு பேருக்கு."

அடுத்த நாள் விடிந்ததும் மூன்று ஓலைக் கடகங்களில் முயல்களோடு வந்தார். பள்ளிக்கூடச் சமையற்காரர் கத்தியோடு எழும்பினார். நானா மறித்தார். "வேற ஆள் தொட்டாப் பயந்திடும். நானே அறுக்கிறன்." கிணற்றடிக்குப் பின்னால் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் தடவி, பிஸ்மில்லாச் சொல்லி அறுத்தார். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "குட்டி போட இருக்கிற ஒண்டை மட்டும் விட்டிட்டன். சாறு போதாமப் போகாதே, தங்கச்சி?"

மன்னிப்புக் கேட்பது போலிருந்தது அந்தக் குரல்.

இரண்டு கையும் வெந்த ஒருவருக்கு நானாவே கரண்டியால் ஊட்டினார். "சந்தை பூட்டியெல்லோ கிடக்கு. ஆர் தந்தது?" என்று காயக்காரர் கேட்டார். "தெரிஞ்ச ஆள்" என்றார் நானா. நானா தாம் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பதினான்கு பேரில் இருவர் தவறிப்போனார்கள். மற்றவர்கள் எழுந்து நடந்து போனார்கள்.

நான் கேட்டது மாதக்கணக்கில் என்னை அரித்தது. அவர் உடம்புக்கு ஏலாமல் மனைவியின் ஊரான குறிஞ்சாக்கேணிக்குப் புறப்பட்ட அன்று, இறங்குதுறையில் வாய்விட்டுச் சொன்னேன்.

"நான் கேட்டது பிழை, நானா."

"இல்ல. முதல் நாளே எனக்கு அந்த நினைப்பு வந்தது. வாய்தான் வரேல்ல. கூட்டடிக்குப் போறதும் திரும்புறதுமா இருந்தன். நீங்கள் கேட்டபடியால் எனக்கு லேசாப் போச்சு." சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினார். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தான். ஒருவரிடம் பெரியதொன்றைக் கேட்க வேண்டி வந்தால் முன்பு நாள்கணக்கில் தயங்குவேன். இப்போது கேட்டுவிடுகிறேன். எதிரே நிற்பவர் அதைத் தருகிறேன் என்று சொல்ல வழி தெரியாமல் எத்தனை நாளாகப் போவதும் திரும்புவதுமாக இருக்கிறாரோ.